இரண்டாம் கியரில் குற்றாலம்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் சித்தப்பா. கார் எப்படி ஓட வேண்டும் என்று தெரிந்தவர் அப்பா. இரண்டு பேரும் ஒரே காரில் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருக்கிற எங்கள் பாடு திண்டாட்டந்தான்.

சண்டைக்காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேட்டைக் கண்டால் ஆட்களை இறக்கி நடக்கவிட்டு ஏறிக்கொண்டிருந்தன. எங்களுக்குப் புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம். சண்டை வருவதற்கு முன்னால், எலுமிச்சை நல்ல விலைக்குப் போன ஒரு வருஷத்தில் அப்பா வாங்கிய கார், கித்தான் கூரை போட்டது. கூப்பன் வந்த பிறகு அது பெரும்பாலும் தொழுவத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. அப்பா மட்டும் தினமும் காலையில் காப்பி குடித்த கையோடு போய், டாங்கி மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். பார்த்தால் பெட்ரோல் கூடிவிடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

பெட்ரோலை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதில் அண்ணன் தம்பி இருவருக்கும் பெரிய தகராறு. "எஞ்சினு ஓடுத நேரந்தான அண்ணாச்சி குடிக்கும்? சட்டுனு போய்ச் சேந்துட்டா குடிக்கதுக்கு நேரம் ஏது?" என்பது சித்தப்பா கட்சி. "ஓடுத மாட்டுக்குத்தாம்லே தவிக்கும். மெதுவாப் போ" என்பது அப்பா கட்சி. சாப்பாட்டு இலைக்கு முன்னால் கூட இதே பேச்சு. அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல், வாயால் ஓட்டியது போதும், ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது கோபத்தில். இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

டாங்கியை ஒட்ட வடித்துவிட்டு, ஒரு சோடாப் பாட்டில் அளவுக்குப் பெட்ரோல் ஊற்றி, சொக்கம்பட்டி ரோட்டில் வண்டி தானாக நிற்கிறவரை ஓட்டுவது என்று ஏற்பாடு. கூப்பன் பெட்ரோலை இப்படி ரோட்டில் ஊற்றுகிற கிறுக்குத்தனத்தை ஊரில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். முதல் தடவை சித்தப்பா முறை. கண்ணைத் திறக்க முடியாத வேகம். எஞ்சின் ஓலமிட்டது. ஒரு புளியமரத்துக்கிட்டே போய் வண்டி நின்றது. மறுநாள் அப்பா முறை. கடைசி கியரில் போட்டு நடை வேகத்தில் போகச் சொன்னார். குளிர்காய்ச்சல் வந்ததைப் போல வண்டி முழுக்க உதறியது. புளியமரத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. சித்தப்பா அன்று போட்ட ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்பா விடவில்லை. கியர்தான் தப்பு என்று சொல்லி, அடுத்த நாள் இரண்டாம் கியரில் மெதுவாக ஓட்டச் சொன்னார். அது இன்னும் மோசம். புளியமரம் தூரத்தில் தெரிந்ததோடு சரி.

அதற்கடுத்த நாள் சித்தப்பா மறுபடியும் தன் கட்சிக்கு ஓட்ட, நடுவில் எலுமிச்சை மூட்டை ஏற்றிய வண்டிகள் சவாரி மாடுகளைப் பூட்டிக்கொண்டு வரிசையாக ஓட்டமாகப் போயின. முந்தவும் வழியில்லை, ஊர்ந்தால் வண்டி உதறுகிறது. வேறு வழியில்லாமல் கடைசி கியரிலேயே ரொம்ப வேகமும் இல்லாமல் ரொம்ப மெதுவும் இல்லாமல் போனார். புளியமரத்தைத் தாண்டி, அய்யனார் கோவிலைத் தாண்டி, ரோடு திரும்புகிற இடமும் போன பிறகுதான் வண்டி நின்றது. இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. ஜெயித்தது யாருடைய கட்சியும் இல்லையே!

சித்தப்பா ரெண்டு நாள் யோசித்துவிட்டு எனக்கு விளக்கினார். நான் கேட்கவில்லை, கேட்க ஆள் வேண்டும் என்று எட்டு வயதுச் சிறுமியான என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "எஞ்சினு சுத்துத ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு மொடக்கு குடிக்கும்ட்டி. சின்ன கியருல, சக்கரம் ஒரு சுத்து சுத்துததுக்குள்ள எஞ்சினு எத்தனையோ சுத்து சுத்தணும். அத்தன மொடக்கு. பெரிய கியருல கொஞ்சம் சுத்துனாப் போதும். ஆனா ரொம்ப மெதுவா விட்டா, இழுக்கச் சத்தில்லாம மூச்சு முட்டிப் போவும். அப்ப ஒவ்வொரு மொடக்கும் பெரிய மொடக்கா ஆயிரும்." முக்காமல் முனகாமல், எவ்வளவு குறைவாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு குறைவாக எஞ்சின் சுற்ற வேண்டும். இதுதான் விஷயம். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு அது நாலு பாட்டில் பெட்ரோலில் கிடைத்தது.

அப்பாவுக்குச் சுற்றுக் கணக்கெல்லாம் பிடிபடவில்லை. அவர் அதைக் காதால் பிடித்துக்கொண்டார். எஞ்சின் சரியான வேகத்தில் சுற்றும்போது கருவண்டு ரீங்காரம் போடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வண்டுச் சத்தம் என்று அதற்குப் பேர் வைத்தார். சத்தம் ஒரு நூல் ஏறினால் போதும், எந்தப் பேச்சுக்கு நடுவிலும், "கியர மாத்துலே, பெட்ரோலு போவுது" என்பார். சொந்தக்காரர் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தபோதே ஒரு தடவை அப்படிச் சொன்னார். காரில் இல்லாதபோதும் இதே கதைதான். கட்டிலில் படுத்துக்கொண்டே, தெருமுனையில் கார் திரும்புகிற சத்தத்தைக் கேட்டு, "ரெண்டுலயே வருதான் பாரு" என்று அம்மாவிடம் புகார் சொல்லுவார். சித்தப்பாவுக்கு இது உயிர் போகிற தொல்லை.

இந்தச் சமயத்தில்தான் அத்தைக்குச் சம்பந்தம் வந்தது. அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. தகப்பனார் இல்லாத பெண், அப்பாதான் வளர்த்தார். வயது இருபதைத் தொடவில்லை. சரியான வாயாடி. கரி பஸ் கண்டக்டர் மேட்டில் ஆட்களை இறங்கச் சொல்வதை அவள் நடித்துக் காட்டினால் வேலைக்காரர்கள் வரை வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

கடையத்தில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து கூட்டமாக இருந்தபோது, அந்தப் பக்கத்தில் பெரிய நிலக்காரர் ஒருவர் எழுந்து வந்து அப்பாவுக்கு முன்னால் வெற்றிலைத் தட்டை நீட்டி, தன் தம்பிக்கு அத்தையைக் கேட்டார். தம்பிக்கு நாற்பது வயது. பெண்சாதி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூத்த பையன் என் வயசு. நீட்டிய தட்டை அப்படியே விடுவது அவமரியாதை. ஆகவே அப்பா ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "பாப்போம் அண்ணாச்சி" என்றார். மரியாதைக்கு எடுத்த வெற்றிலைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு நீட்டிய தட்டில் வெற்றிலையை எடுத்தால் அது பாதிச் சம்மதம். அப்பா வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே சேதி புளியங்குடிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"ஒரு வெத்தல எடுத்ததுக்குப் பிள்ளையத் தூக்கிக் குடுத்துருவியளா?" என்று அம்மா நேராகக் கேட்டாள். "நாலு பேரு பாக்க எடுத்ததாச்சே" என்று மட்டும் அப்பா சொன்னார். சித்தப்பா, தான் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதாகக் குதித்தார். சொன்ன சொல்லை மாற்றிய வீடு என்று பேர் வந்தால் அப்புறம் இவளை எவன் கட்டுவான் என்று அப்பா அவரை அடக்கினார். அத்தையைக் கேட்டதற்கு, "அண்ணாச்சி சொன்னாச் சரி" என்றாள். சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. தேடிப் போனேன். வைக்கோலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "எனக்குப் பிடிக்கலட்டி. செத்துப் போலாம்னு வருது" என்றாள். பெண் காட்டக் குற்றாலத்துக்குப் போகப் போகிறோம் என்று எனக்குத் தெரியும். குற்றாலத்தைப் பிடிக்காமல் ஒரு மனுஷி உண்டா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அதைச் சொன்னேன். அழுகையோடேயே சிரித்துவிட்டாள், பாவம்.

மாப்பிள்ளை வீட்டார் சாரலுக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களா பிடித்திருந்தார்கள். நாங்கள் அருவியில் குளிக்கப் போகிற மாதிரி போக வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் அங்கே அத்தையைப் பார்ப்பார்கள். பார்த்துப் பூ வைத்துவிட்டால் முடிந்தது. அந்த வீட்டில் எல்லாம் மாப்பிள்ளையின் தாயார் வைத்ததுதான் சட்டம். அந்த ஆச்சிக்குச் சகுனப் பைத்தியம். ஒரு தடவை அவள் மகளுக்கே ஒரு சம்பந்தம் பேசப் புறப்பட்ட வில்வண்டியில் வழியில் கடையாணி கழன்று வண்டி நின்றுவிட்டதாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அந்தச் சம்பந்தத்தையே விட்டுவிட்டாளாம். தென்காசி வட்டாரத்தில் இது தெரியாதவர்கள் இல்லை. எங்கள் வீட்டிலும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

ஆனி மாதம், ஒரு நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டோம். பெட்ரோல் விஷயத்தை அப்பாதான் முடிவு செய்தார். டாங்கியில் இருப்பது குற்றாலம் போய்த் தென்காசிக்குத் திரும்பி வரக் காணும். போகும்போது பெட்ரோல் போட நின்றால் நல்ல நேரம் தப்பிவிடும். திரும்பும்போது தென்காசியில் கூப்பனைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சித்தப்பா தலையாட்டினார். அப்பா முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் அம்மா, பட்டுச் சேலை கட்டிய அத்தை, நான்.

ஊர் எல்லை தாண்டியும் சித்தப்பா இரண்டாம் கியரை மாற்றவில்லை. எஞ்சின் கத்த ஆரம்பித்தது. வண்டுச் சத்தமெல்லாம் எங்கே! இது செக்கில் அகப்பட்ட பேய் மாதிரி ஒரு ஊளை. நான் அப்பாவின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார் என்று. புளியமரமும் அய்யனார் கோவிலும் போயின. புளியமரமும் அய்யனார் கோவிலும் போயின. சித்தப்பாவிடம் அவர் கியரை மாற்றச் சொல்லவில்லை. அம்மா மட்டும், என்ன கொழுந்தனாரே, காது கிழிகிறதே என்றாள். வண்டிக்கு என்னமோ கோளாறு மைனி என்று சித்தப்பா திரும்பிப் பார்க்காமல் சொன்னார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடையநல்லூர் கடைத்தெருவைத் தாண்டியதும், பழக்க தோஷமோ என்னமோ, சித்தப்பா கை தானாகப் போய்க் கடைசி கியரைப் போட்டுவிட்டது. சட்டென்று ஊளை அடங்கி வண்டு பாட ஆரம்பித்தது. அப்போதுதான் அப்பா முதல் தடவையாகச் சித்தப்பாவிடம் பேசினார்.

"எதுக்குலே மாத்துதே? ரோடு ஈரமாக் கெடக்கு, வழுக்கும். முன்ன மாதிரியே போ."

சித்தப்பா பதறிப் போய் மறுபடியும் இரண்டாம் கியரில் போட்டார். நானோ அந்தப் பக்கத்துப் புழுதி பட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பொட்டுத் தூறலும் விழவில்லை.

சிற்றாற்றுப் பாலத்துக்கு வந்தபோது சாரல் பிடித்துக்கொண்டது. தென்காசி மொட்டைக் கோபுரம் மழைக்குள் மங்கலாக நின்றது. பெட்ரோல் பம்பைக் கடந்தபோது சித்தப்பா நேராக ரோட்டைப் பார்த்தார். அப்பா எதிர்ப் பக்கத்தைப் பார்த்தார். மேலகரத்துக்குள் நுழைந்ததும் வண்டி இருமியது. ஒரு தடவை குலுங்கியது. நின்றுவிட்டது. அவ்வளவு நேரம் கத்திய எஞ்சின் அடங்கியதும், கித்தான் மேல் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எங்களை எதிர்கொண்டு கூட்டிப் போவதற்கு மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், குடையும் சைக்கிளுமாக அங்கேயே நின்றிருந்தார். ஓடி வந்தார். சித்தப்பா இறங்கி மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்து வந்தது. அப்பா இறங்கினார். பிறகு அவர் போட்ட சத்தம் இருக்கிறதே! மேலகரமே கூடிவிட்டது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஓட்டத் துப்பில்லாத நீயெல்லாம் என்ன டிரைவர் என்றார். மூதி என்றார். தங்கச்சி நல்லதுக்குப் போகிற நேரத்தில் நடுரோட்டில் நிறுத்திவிட்டாயே என்றார். சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நனைந்தார். அப்பா அந்த ஆள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரா அண்ணாச்சி, பொறப்பட்ட வண்டி நின்னு போச்சு. ஆச்சிகிட்ட மறைக்கக் கூடாது. நின்னு போச்சுன்னு உள்ளத உள்ளபடி சொல்லிருங்க."

அவர் வில்வண்டி கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். முதலில் ஆச்சியைக் கேட்டுவிட்டு வாருங்கள், வண்டி நின்றதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்று அப்பா மறுபடியும் அழுத்திச் சொன்னார். தொழுவத்தில் ஒரு மாடு நொண்டினால்கூட வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிற மனுஷர் அவர்.

சைக்கிள் போய்த் திரும்பி வந்தது. "இன்னைக்கி வேண்டாங்கிறாவ. சகுனம் சரியில்லையாம். பொறவு சொல்லி அனுப்புதோம்னாவ" என்றார் அந்த ஆள். ரொம்பச் சங்கடத்தோடு சொன்னார். "என்ன செய்ய, நமக்குக் குடுத்து வைக்கல" என்று அப்பா வானத்தைப் பார்த்தார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நான் முந்தானையை விலக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு அத்தையின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அருவி போச்சே என்று உண்மையிலேயே அழுதது அந்தக் காரில் நான் ஒருத்திதான்.

ஆச்சி பிறகு சொல்லி அனுப்பவேயில்லை. அந்த மாப்பிள்ளைக்கு ஆவணியில் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. வாக்குத் தவறியதாக எங்களை ஒருவரும் குறை சொல்லவில்லை. குறை முழுவதும் சித்தப்பா தலையில் விழுந்தது. சொந்தத் தங்கையின் சம்பந்தத்தைப் பெட்ரோல் பார்க்காமல் கெடுத்தவன் என்று அப்பா போகிற இடமெல்லாம் சொன்னார். ஊரில் சித்தப்பாவுக்கு "நடுரோடு" என்று பட்டப்பெயரே விழுந்தது. வண்டி ஓட்டுவதில் கர்வம் பிடித்த மனுஷர், வாயைத் திறக்காமல் அதைச் சுமந்தார். அத்தையைப் பிற்பாடு செங்கோட்டையில் ரயில்வேயில் இருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். சமவயசுக்காரர், இவள் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறவர். கடைசிவரை நன்றாக இருந்தாள்.

அப்பா காலமாகி, பதினாறும் கழிந்த பிறகு ஒரு மத்தியானம் சித்தப்பா என்னிடம் மனசைத் திறந்தார். அன்று வேண்டுமென்றேதான் இரண்டாம் கியரிலேயே ஓட்டினாராம். தங்கச்சி தொழுவத்தில் அழுததை அவரும் கேட்டிருக்கிறார். எஞ்சினை அதிகமாகச் சுற்றவிட்டால் டாங்கியில் இருப்பது எந்த இடம் வரை காணும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்தாராம். "ஆனா அண்ணாச்சிய ஏமாத்திட்டேன்ட்டி. பக்கத்துலயே இருந்தாவ, ஒண்ணும் தெரியல. கடையநல்லூர்ல மட்டும் மாத்திட்டேன், நல்லவேளை ரோடு ஈரம்னு அவுகளே தடுத்துட்டாவ. கடைசி வரைக்கும் எம்மேல கோவமாத்தான் போய்ச் சேந்தாவ" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். அறுபது வயது மனுஷர். எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியாக அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று சொக்கம்பட்டியைத் தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. வழக்கமாகச் சொல்கிறவர் சொல்ல மறந்துவிட்டார், பெட்ரோல் வீணாகிறதே என்று எனக்குப் பதைப்பு. முன்சீட்டைப் பிடித்து எக்கி, எஞ்சின் போட்ட சத்தத்தில் சித்தப்பாவுக்குக் கேட்காதபடி, அப்பா காதோடு சொன்னேன்.

"அப்பா, சித்தப்பா ரெண்டுலயே ஓட்டுதாவ."

அப்பா திரும்பவில்லை. கையைப் பின்னால் நீட்டி என் தலையைத் தடவினார்.

"கேக்குதும்மா. நீ பேசாம உக்காரு" என்றார்.

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்புறமும் அவர் ஏன் கியரை மாற்றச் சொல்லவில்லை என்று மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.